நாவலில் சாகாதவள்

கப்பலில் இருக்கும் என் அன்பு அண்ணனுக்கு,

மழைக்காலம் முழுக்க உன் போனை நான் எடுக்காததற்கு அம்மா காய்ச்சல் என்றுதானே சொன்னாள்? காய்ச்சல் என்றே இருக்கட்டும். இப்போது நன்றாகத் தூங்குகிறேன். டாக்டரிடம் தவறாமல் போகிறேன்.

என் நாவல் அச்சாகிவிட்டது! என்னைப் போலவே பையன் என்று வளர்க்கப்பட்ட ஒரு பெண்ணின் கதை. சனிக்கிழமை நம் துமகெத்தே நகர நூலகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசித்தேன். கவுன் போட்டுக்கொண்டு, அப்பா சவாரி ஓட்டும் ட்ரைசிக்கிளில்தான் போனேன். வழியெல்லாம் அவர் என் பக்கம் திரும்பாமலே ஓட்டினார். உள்ளேயும் வராமல் வாசலிலேயே நின்றுவிட்டார்.

வாசித்து முடித்ததும் ஒரு மாணவி எழுந்தாள். "அக்கா, அவ கதவத் தாழ்ப்பாள் போட்டதும் எனக்கு பக்குனு ஆயிடுச்சு. இந்த மாதிரிக் கதைங்கள்ல கடைசில சாகடிச்சிடுவாங்களே! நல்லவேள, அவ அப்பா வந்து கதவத் தட்டினாரு. ஆனா நெசத்துல எந்த அப்பாக்கா தட்டுவாரு?"

பதில் வாசலிலிருந்து வந்தது.

"தட்டினேன்மா. தெறக்கல. ஒடச்சிட்டேன்."

கூடமே திரும்பிப் பார்த்தது. அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றார். "இவ எம் பொண்ணு," என்றார். "கதைல என்னைய ரொம்ப சாதுவா எழுதிட்டா."

பிள்ளைகள் சிரித்தார்கள், கைதட்டினார்கள், அவரிடமும் கையெழுத்துக் கேட்டார்கள். போட்டார், அண்ணா! ஒவ்வொரு புத்தகத்திலும் என் பெயருக்குக் கீழே, தன் பெயரைக்கூட எழுதாமல், "அப்பா" என்று மட்டும்.

உன் தங்கை