கல்லு மேல போட்ட பழி

என் அருமை வாலுக்கு, அப்பா எழுதறது. நீயும் மாப்பிள்ளையும் நல்லா இருப்பீங்கன்னு நம்பறேன். இங்க அம்மா சௌக்கியம், அவ வாய் அதைவிட சௌக்கியம். நானும் சௌக்கியம்னு எழுதத்தான் உக்காந்தேன், அதுல பாதி பொய். போன்ல சொன்னா அவ கதவுல காதை ஒட்டி வெச்சுப்பா, அதான் கடுதாசி. எழுத்து கோணலா இருக்குன்னு சிரிக்காதே, எட்டாங்கிளாஸ் ஃபெயிலுக்கு இது போதும்னு சொல்லிடலாம், ஆனா இந்தத் தடவை காரணம் வேற.

நீ அந்தச் சாணைக்கல்லை வாங்கி அனுப்பாதே. கடை கடையா ஏறி இறங்கி, எண்ணெய் விடற கல்லா, தண்ணியில ஊறப்போடற கல்லான்னு கேட்டுப் போட்டோ போட்டோவா அனுப்பினே, நானும் மாப்பிள்ளை வீட்டுக்காரன் மாதிரி ஒவ்வொண்ணுக்கும் ஒரு குத்தம் சொன்னேன். ஒண்ணு மெத்துன்னு இருக்கு, குழி விழுந்துடும்னேன். இன்னொண்ணு வழுக்குது, இரும்பைத் தின்னாதுன்னேன். முன்னாடி நீ அனுப்பின ரெண்டும் சரியில்லேன்னேன். எல்லாம் வீண் பழிம்மா, கல்லு ஒரு பாவமும் பண்ணல. உளியை ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க மறுபக்கம் மயிரிழையா ஒரு பிசிறு எழும்பும், கட்டைவிரலால தடவினா தட்டுப்படும், அது வந்தாத்தான் சொரசொரப்புக் கல்லை விட்டு வழவழப்புக் கல்லுக்குப் போகணும். ரெண்டு மாசமா எனக்கு அந்தப் பிசிறு தட்டுப்படவே இல்ல. இன்னும் வரல, கல்லுதான் மோசம்னு தேய்ச்சேன் தேய்ச்சேன், நல்ல உளி ஒண்ணு தேஞ்சு கட்டையா நிக்குது. அம்மா பாத்துட்டு, உளியைத் தொட்டுக்கிட்டுச் சாப்பிடறீங்களான்னு கேட்டா.

போன செவ்வாய்க்கிழமை நம்ம மொட்டை, அதான் இருபது வருஷமா தச்சுப் பட்டறையில எனக்கு எதிர் மேசையில வேலை பாக்கறானே அவன், என் கையிலேர்ந்து உளியைப் புடுங்கி, நான் ஆகாதுன்னு மூலையில போட்ட பழைய எண்ணெய்க் கல்லுலயே அஞ்சு நிமிஷம் தேய்ச்சு, என் கை முடியைச் சிரைச்சுக் காட்டினான். உன் தலைக்கு இது பிரயோஜனப்படாதேடான்னேன். ரோஷத்துல உளியைத் திருப்பி வாங்கி, கூர் மேல கட்டைவிரலை ஒரு இழு இழுத்து, எங்கடா கூருன்னு கேட்டேன். அவன் என் கையையே பாத்தான். கல்லு மேல சொட்டு சொட்டா செவப்பா விழுந்துகிட்டிருக்கு. எனக்கு வலிக்கவே இல்லம்மா. எரியக்கூட இல்ல.

அவன் எந்திரிச்சுப் போய் மெஷின் ரம்பத்தை அணைச்சு, சாவியைப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டான். ரம்பம்னா விரலே போயிடும், அப்பவும் தெரியாமத்தானே நிப்பே, டாக்டர் சீட்டு கொண்டா, அப்புறம் சாவின்னான். மரத்தோடயே இருந்தா மரத்துத்தான் போகும்னு சொல்லிப் பாத்தேன், அதுக்கும் சிரிக்கல. ரெண்டு கையிலயும் மூணு மூணு விரல் அப்படி இருக்கு. பேனா கையில இருக்கான்னு கண்ணால பாத்துப் பாத்துதான் இதை எழுதறேன். டாக்டர் வேலையை விட்டுடுன்னு சொல்லிட்டா நான் காலையில எந்திரிச்சு எங்க போவேன்? உங்கம்மாகிட்ட தகர டப்பா மூடி கிழிச்சுடுச்சுன்னு சொல்லியிருக்கேன். உண்மையைச் சொல்ல ரெண்டு தடவை வாயைத் திறந்தேன், ரெண்டு தடவையும் பல்பு மாத்தணும்னு சொல்லி மூடிட்டேன்.

அதனால நீதான் சொல்லணும். வர்ற ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு அவளுக்குப் போன் பண்ணு, நான் அப்ப மொட்டை வீட்டுல இருப்பேன். திங்கக்கிழமை டாக்டர்கிட்ட அவளே கூட்டிட்டுப் போகட்டும், அவ பக்கத்துல இருந்தா நான் பொய் சொல்ல முடியாது.

வேளாவேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையை ரொம்ப மிரட்டாதே, ரெண்டு பேரும் கொறையில்லாம நூறு வருஷம் இருங்க. பத்து மணி, மறந்துடாதே. முதல்ல திட்டுவா, அப்புறம் அழுவா. அழுது முடிச்சதும் மொட்டைக்கு ஒரு மிஸ்டு கால் குடு, நான் வீட்டுக்குப் போறேன்.

உன்னைப் பெத்த திருடன்,
அப்பா