மாமி கொண்டுவந்த கசாயம்

மார்கழி, செவ்வாய் இரவு. மண்டூர்.

நித்திரை வரவில்லை. பின்னேரம் மாமி, என் புருசனின் அம்மா, கசாயத்தோடு வந்தா. என் கால் வீக்கத்தைக் கேள்விப்பட்டு, நாட்டு வைத்தியம் செய்யும் பரியாரியாரிடம் நடந்தே போய் வாங்கிய கசாயம். வழியில் சென்றிக் காவலரணில் ஆமிக்காரன் போத்தலைத் திறந்து மணந்து பார்த்தானாம்.

"இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை போடுறன் மாமி. இதையும் குடிச்சா இரத்தம் நிக்காம ஓடலாம். டொக்டரிட்டக் கேட்காம குடிக்கப்படாது" என்றேன். வாவியில் படகுகளை மறித்து வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்கவும் வழியில்லை.

"அப்ப குளிசைய விடன் புள்ள. ரெண்டு குழந்தையும் அந்த ஆஸ்பத்திரியிலதானே போனது."

வயிற்றிலேயே போனவற்றைப் பற்றி மாமி என்னிடம் பேசியது இதுதான் முதல் தடவை. டொக்டர் விளங்கப்படுத்தியதை எனக்குத் தெரிந்த மாதிரிச் சொன்னேன். என் உடம்பு தன்னையே எதிரியென்று நினைத்து இரத்தத்தை உறைய வைக்கிறது. இப்போது காலில் உறைந்ததுபோல், அன்று பிள்ளைக்கு இரத்தம் போகிற இடத்திலும் உறைந்திருக்கும்.

மாமி போத்தல் மூடியை இறுக்கி மடியில் வைத்தா.

"அப்ப நீ பாரம் தூக்கினதால இல்லையா?"

"இல்ல மாமி."

"நான் அப்பிடித்தான் நினைச்சன். மகனுக்கும் அப்பிடித்தான் சொன்னன்."

கட்டாருக்கு வேலைக்குப் போனபின் அவர் ஏன் என்னோடு இரண்டு சொல்லுக்கு மேல் பேசுவதில்லை என்று இப்போது விளங்குகிறது.

இருட்டுமுன் சென்றியைத் தாண்டவேண்டுமென்று மாமி போத்தலையும் எடுத்துக்கொண்டு எழும்பினா. இரவைக்கு இங்கேயே இருங்கள் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆக்கின சோறு இரண்டு பேருக்கும் காணுமளவுக்கு அப்படியே கிடக்கிறது. நானும் சாப்பிடவில்லை.