சாளையா, வஞ்சிரமா?

அக்கா,

என் கைக்கடிகாரப் பட்டையில் ஒரு சாளை மீன் செதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவினேன், எலுமிச்சை தேய்த்தேன், போகவில்லை. காலையில் ஆபீஸ் மீட்டிங்கில் கையைத் தூக்கிப் பேசும்போது எனக்கே நாற்றம் அடித்தது. பக்கத்தில் இருந்தவன் நாற்காலியை நைசாக நகர்த்திக்கொண்டான். எல்லாம் உன்னால்தான். செத்துப்போனவர்கள்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். ஒரு வருஷம் பொறுத்தாயிற்று. இனிமேல் படலாம்.

நேற்று உனக்கு வருஷம் திரும்பியது. டெங்குக் காய்ச்சல் என்று நீ ஆஸ்பத்திரிக்குப் போய், திரும்பி வராமல் போய், ஒரு வருஷம். முட்டிவலியால் அம்மாவுக்குத் தூத்துக்குடியிலிருந்து டெல்லி வர முடியவில்லை. போனிலேயே உத்தரவு போட்டாள்: "காய்கறிய மட்டும் வச்சு ஒப்பேத்திராதீங்க. அவளுக்குப் பிடிச்ச மீனா பாத்து வாங்கி, கொழம்பு வச்சுப் படைங்க." நம் வீட்டு வழக்கம் அது. போனவர்களுக்கு எது பிடிக்குமோ அது இலையில் இருக்க வேண்டும். எளிய வேலைதான் என்று நினைத்தேன். நானும் அத்தானும் காலையிலேயே ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போனோம்.

அந்த மார்க்கெட்டுக்குள் என்னை முதலில் இழுத்துக்கொண்டு போனது நீதான். வேலை கிடைத்து நான் டெல்லி வந்த புதிது. லக்ஷ்மிபாய் நகரில் உங்கள் குவார்ட்டர்ஸில்தான் தங்கியிருந்தேன். எனக்குக் கடைக்குப் போவதென்றால் உள்ளே போக வேண்டும், வாங்க வேண்டும், வெளியே வர வேண்டும். உனக்கு அப்படியில்லை. ஒவ்வொரு சந்துக்குள்ளும் நுழைந்தாக வேண்டும். மணிப்பூர்க்காரர் கடையில் உன் ஆபீஸ் தோழிக்கு மூங்கில் குருத்து. மேல்வீட்டு வங்காளத்து அம்மாவுக்கு ஏதோ ஒரு பொடியரிசி. கையில் சீட்டை வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருந்த எந்த எம்பஸியின் சமையல்காரருக்கோ கறிவேப்பிலை எங்கே கிடைக்கும் என்று கூடவே நடந்துபோய்க் காட்டினாய். நேந்திரங்காயைப் பச்சையாக உரித்துத் தின்னப் பார்த்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை நிறுத்தி, அதை எப்படிச் சமைப்பது என்று கையாலேயே விளக்கினாய். ஈர ஐஸ் தண்ணீரில் என் ஷூ ஊறிக்கொண்டிருந்தது. நான் முணுமுணுத்தபோது திரும்பிப் பார்த்துச் சொன்னாய்: "ஏலே, மார்க்கெட் என்ன உன் சர்வரா, லாகின் பண்ணி லாகவுட் பண்ணுததுக்கு?"

சரி. நேற்றைய கதைக்கு வருகிறேன்.

அத்தான் இருக்கிறாரே, உன் பஞ்சாபி வீட்டுக்காரர், அவருக்கு உலகத்தில் எல்லாரிடமும் மரியாதையாக விளக்கம் சொல்லியாக வேண்டும். மீன் வாங்க வந்தவர் மீனை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதானே. நம் மலையாளத்துச் சேட்டன் கடையில் போய் நின்று, கைகட்டி, "பையா, ஷ்ராத் கே லியே மச்லி சாஹியே" என்றார். திவசத்துக்கு மீன் வேண்டும் என்று வடநாட்டு மார்க்கெட்டின் நடுவில் நின்று ஒருவர் சொன்னால் என்ன ஆகும்?

பக்கத்தில் கோழி வாங்கிக்கொண்டிருந்த பெரியவர் கையில் பையோடு அப்படியே நின்றுவிட்டார். "ராம் ராம்! ஷ்ராத் மே மச்லி? வெங்காயம்கூட ஆகாதே ஐயா! பாவம் சேரும்" என்று இந்தியில் ஆரம்பித்தார். இந்தப் பக்கம் நின்ற யாரோ ஒரு வங்காளத்து அம்மாள் உடனே அவர்மேல் பாய்ந்தாள். அவர்கள் வீட்டில் சடங்கெல்லாம் முடிந்து மீன் சாப்பிட்டால்தான் துக்கமே கழியுமாம். மீன் இல்லையென்றால் அது என்ன ஷ்ராத் என்று கேட்டாள். சேட்டன் கத்தியை மரக்கட்டையில் குத்தி நிறுத்திவிட்டு, "எங்ஙள நாட்டிலயும் உண்டு சார். மரிச்சவருக்கு இஷ்டமுள்ளது கொடுக்கணும். அதில் என்ன பாவம்?" என்று நம் கட்சியில் சேர்ந்தார். கோழிப் பெரியவர் விடவில்லை. அத்தான் மூன்று பேரிடமும் தலையாட்டி, மூன்று பேருக்கும் "அச்சா, அச்சா" சொல்லிக்கொண்டிருந்தார். மிசோரம் முகச்சாயலில் ஒரு பெண் மட்டும், "பஹ்லே மேரா காட் தோ, பையா" என்றாள். முதலில் என் மீனை வெட்டு. அந்தக் கூட்டத்தில் புத்தியுள்ள ஒரே ஆள் அவள்தான்.

எனக்கு வந்ததே கோபம். "அத்தான், சாளை ஒரு கிலோ போதும், வாங்க" என்றேன்.

அத்தான் என்னைப் பார்த்தார். உன்னிடமிருந்து கற்ற தமிழ், உன் ஊர் இழுப்போடு அப்படியே வரும் அவருக்கு. "சாளை இல்ல மச்சான். சுர்மாய். அவளுக்கு சுர்மாய்தான் பிடிக்கும்."

வஞ்சிரத்தைத்தான் சொல்கிறார். நான் சிரித்தேன். "எங்க அக்காவுக்கு என்ன பிடிக்கும்னு எனக்குத் தெரியாதா? ஊர்ல தினமும் சாளைதான்."

"அதான்ல! தினமும் தின்னு தின்னு வெறுத்துப்போச்சுன்னு என்கிட்ட சொன்னா. கல்யாணம் ஆனபிறவு வாராவாரம் சுர்மாய்தான் வாங்குனா."

"உங்களுக்கு முள்ளு எடுக்கத் தெரியாது, அத்தான். அதனால வாங்குனா. முட்டைக்கு மேல எதையும் தொடாத ஆளை மீன் தின்ன வைக்கணும்னா வஞ்சிரம்தான் வாங்கணும்."

அவர் முகம் விழுந்துவிட்டது. சொல்லியிருக்க வேண்டாம். சொல்லிவிட்டேன், எனக்கு வாய் அப்படி. ஐஸ்மேல் கிடந்த ஒரு வஞ்சிரத்தின் வாலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாக, "எனக்கு நடுத்துண்டு வைப்பா. அவ வால் துண்டு எடுத்துக்குவா. வால்தான் ருசின்னு சொல்லுவா" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் வீட்டில் நீ சாளைத் தலையைத்தான் எடுத்துக்கொள்வாய். சதையெல்லாம் என் தட்டில். கேட்டால், "எனக்குத் தலைதாம்ல பிடிக்கும், நீ தின்னு" என்பாய். ஊரில் தலை பிடிக்கும், டெல்லியில் வால் பிடிக்கும். எவனாவது நம்புவானா? நாங்கள் இரண்டு பேரும் நம்பியிருக்கிறோம். ஒருவர் மத்திய அரசு அதிகாரி, ஒருவன் என்ஜினீயர்.

அங்கேயே நின்று அம்மாவுக்கு போன் போட்டேன். பின்னால் கோழி கத்துகிறது, வங்காளத்து அம்மாள் கத்துகிறாள். "எம்மா, அக்காவுக்கு எந்த மீன் பிடிக்கும்?"

"யாருக்கு? உனக்கா? உனக்கு நெத்திலி. சின்னதுலேயே முள்ளு தொண்டைல மாட்டி அழுதவன்லா நீ."

"எனக்கில்லம்மா. அக்காவுக்கு."

அந்தப் பக்கம் அடுப்பை அணைப்பது கேட்டது. "அவளா," என்றாள் அம்மா, "அவ எதுன்னாலும் தின்பாளே." பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "ரெண்டையும் வாங்கிரு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இரண்டையும் வாங்கினோம். அத்தான் பேரம் பேசவில்லை. நானும் பேசவில்லை. நீ இருந்திருந்தால் எங்கள் இருவரையும் சேட்டன் முன்னாலேயே கிழித்திருப்பாய்.

வீட்டில் அத்தான் பால்கனிக்குப் போய் உன் இண்டக்‌ஷன் அடுப்பைத் துடைத்தார். அவர் அம்மா சைவம் என்பதால் நீ மீனை எப்போதும் அங்கேயேதான் சமைப்பாய்; மழையென்றால் குடை பிடித்துக்கொண்டு கிண்டுவாய். அவர் குழம்பு கொதிக்கவைத்தார், நான் சாளை வறுத்தேன். கருகிற்று. படையல் இலையையும் பால்கனியிலேயே போடலாம் என்று நான் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தபோது அவர் அம்மா வாசலில் வந்து நின்றார். மூக்கில் துப்பட்டா. "பாஹர் க்யோன்? அந்தர் ரக்கோ. உஸ்கா கர் ஹை" என்றார். வெளியே எதற்கு, உள்ளே வை, அவள் வீடு இது. சொல்லிவிட்டு நிற்காமல் தன் அறைக்குப் போய்விட்டார்.

ஹாலில் உன் போட்டோ முன்னால் இலை போட்டோம். ஒரு பக்கம் சாளை, ஒரு பக்கம் வஞ்சிரம், நடுவில் சோறும் அப்பளமும். கொஞ்சம் எடுத்துப் பால்கனிச் சுவர்மேல் காக்காவுக்கு வைத்தோம். அத்தான் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒத்துக்கொள்கிறேன், நானும்தான். முதலில் புறாக்கள் வந்தன. துரத்தினேன். கடைசியில் ஒரு காக்கா வந்தது. சாளையைப் பார்த்தது, வஞ்சிரத்தைப் பார்த்தது, அப்பளத்தைத் தூக்கிக்கொண்டு பறந்துவிட்டது.

அத்தான் சிரித்துவிட்டார். ஒரு வருஷத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. செத்த பிறகாவது வாயைத் திறந்து சொல்லக் கூடாதா, அக்கா? ஊருக்கே எது வேண்டும் என்று கேட்டுக் கேட்டு வாங்கிக் கொடுத்தவள், உனக்கு ஒரு மீன் பெயர் சொல்ல என்ன கேடு?

அந்த எரிச்சலிலேயே சாப்பாடு முடிந்ததும் அத்தானின் அம்மாவிடம் போய் நின்றேன். அவருக்குத் தனியாகப் பருப்பும் ரொட்டியும். "மார்க்கெட்டில் உங்களுக்கு என்ன வாங்கி வரட்டும்? உங்களுக்கு எது பிடிக்கும்?" என்று இந்தியில் கேட்டேன்.

"முஜே க்யா பேட்டா," என்றார், "குச் பீ."

எதுவானாலும். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "குச் பீ என்று ஒரு சாமான் எந்தக் கடையிலும் விற்பதில்லை. பெயரைச் சொல்லுங்கள்" என்றேன். அத்தான் என் கையைப் பிடித்து இழுத்தார். நான் நகரவில்லை.

அவர் மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ரொட்டியை விண்டு விண்டு தட்டிலேயே போட்டார். கடைசியில் திருடியதை ஒப்புக்கொள்வதுபோல, "கேலே கே சிப்ஸ்," என்றார். "கேரளா வாலே. மோட்டே வாலே." வாழைக்காய் சிப்ஸ், கேரளத்து வகை, தடிமனாக.

அத்தானுக்கு அதிர்ச்சி. "தேங்காய் எண்ணெய் வாசனையே ஆகாதுன்னு சொல்லுவியே, அம்மா!"

"ஆகாதுன்னு சொன்னவன் நீ," என்றார் அவர் இந்தியில், "எனக்கு ஆகாதுன்னு நான் எப்போ சொன்னேன்?"

சனிக்கிழமை மறுபடியும் மார்க்கெட்டுக்குப் போகிறேன், தடி நேந்திரம் சிப்ஸ் வாங்க. எனக்கு நேரமே இல்லை, இருந்தாலும் போகிறேன். உன்னால் எனக்கு ஒட்டிக்கொண்ட வியாதி இது: பதில் வராத ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு ஆள் ஆளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பாதிப் பேர் என்னைப் பைத்தியம்போலப் பார்க்கிறார்கள். பரவாயில்லை. இன்றைக்குச் சாயங்காலம் அம்மாவிடம் கேட்கப் போகிறேன், அவளுக்கு எந்த மீன் பிடிக்கும் என்று. "எதுன்னாலும்" என்று சொன்னால் போனை வைக்க மாட்டேன்.