உண்டியலில் போட்ட கூப்பன்

1933 ஆனி, ஞாயிறு இரவு.

சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டதும் அந்தோனியாருக்கு நேர்ச்சை செலுத்தக் கையில் காசில்லை. அரிசி, பருப்பு வாங்கும்போது கடையில் கொடுக்கும் கூப்பன் பத்துச் சேர்ந்திருந்தது. பத்துக்கு ஓர் இறாத்தல் சீனி இனாம். அது வரட்டும் என்று எட்டுப் பிள்ளைகளும் சீனியில்லாத வெறுந்தேத்தண்ணீர் குடித்து வந்தார்கள். அந்தக் கூப்பன்களை மடித்துக் கோயில் உண்டியலில் போட்டேன்.

இன்று பூசை முடிந்ததும் உண்டியலைத் திறந்த உபதேசியார் அவற்றை உயர்த்திக் காட்டினார்.

"அந்தோனியார் கடைக்குப் போயி சீனி வாங்குவாருன்னு யாரோ நெனச்சிட்டாங்க போல."

கோயிலே சிரித்தது. போட்டது நான் என்று தெரியாமல் என் வீட்டுக்காரரும் சிரித்தார். நானும் முக்காட்டுக்குள் சிரித்து வைத்தேன்.

சாயங்காலம் ஜெபமாலைக்கு உபதேசியார் வீட்டுக்குப் பிள்ளைகளோடு போனேன். அவர் மனைவி தேத்தண்ணீர் கொடுத்தாள்.

"நல்லா இனிப்பா குடிங்க அக்கா. இன்னைக்கு சீனி சும்மா வந்துச்சு."

எந்தச் சீனி என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் குடித்தேன். சின்னவன் இன்னொரு கோப்பை கேட்டு வாங்கிக் குடித்தான். தடுக்க மனம் வரவில்லை.

அந்தோனியாரே, உமக்குக் கொடுத்ததை நாங்களே குடித்துவிட்டோம். இனி அது நேர்ச்சையாகுமா? ஆகாது என்றால் மறுபடியும் முதல் கூப்பனிலிருந்து தொடங்க வேண்டும்.