சம்பளச் சீட்டு திறக்கவில்லை

பிப்ரவரி 27, வியாழன்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இன்று நானூறு படுக்கைவிரிப்பு. இடுப்பு விட்டுப்போச்சு. கிளம்பும்போது பலகையில் புதுத் தாள் ஒட்டியிருந்தார்கள். இனிமேல் சம்பளச் சீட்டு உறையில் வராது, போனில் வரும். திறக்க அவரவர் பிறந்த தேதியை எட்டு எண்ணாக அடிக்க வேண்டும். மூன்று தடவை தப்பானால் பூட்டிக்கொள்ளும். பிறகு சம்பளப் பிரிவுக்கு நேரில் போக வேண்டும்.

பிறந்த தேதி — எந்தப் பிறந்த தேதி?

பிப்ரவரி 28

சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 3, திங்கள்

சீட்டு வந்துவிட்டது. பஸ் நிறுத்தத்தில் நின்று, வேலையில் சேரும்போது பதிந்த தேதியை அடித்தேன். தவறு என்றது. எண் மாறியிருக்கும் என்று மறுபடி ஒவ்வொரு எண்ணாக அடித்தேன். தவறு, இன்னும் ஒரு முறைதான்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், நாற்பது தாண்டியவர்களை எடுக்க மாட்டோம் என்றார்கள். எனக்கு நாற்பத்து மூன்று. அப்போதிருந்த மேஸ்திரி, "முப்பத்தெட்டுன்னு எழுதிக்கறேன், யாரு கேக்கப் போறா" என்று அவரே எழுதினார். யாரும் கேட்கவில்லை. இப்போது போன் கேட்கிறது.

காகிதத்தில் எனக்கு ஐம்பத்தாறு, உண்மையில் அறுபத்தொன்று. அறுபதில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதுகூடப் பரவாயில்லை. பொய் சொன்னவள் என்று துரத்தினால் அவருடைய டயாலிசிஸ் போய்விடும். ஊழியர் குடும்பம் என்பதால்தான் இந்த ஆஸ்பத்திரியில் வாரம் மூன்று நாள் இலவசம். வெளியே எங்கே போவேன் நான்?

மார்ச் 4

மறந்தே போச்சே. ரெண்டு வருஷம் முன்னாடி, டயாலிசிஸுக்கு அவர் பேரைப் பதியறப்போ என் அடையாள அட்டை நகலைக் குடுத்தேனே. அதுல நெஜத் தேதிதானே இருக்கு. நானே கொண்டுபோய்க் குடுத்தேன். புத்தி எங்க மேயப் போச்சு?

மார்ச் 6

இஸ்திரி மேஜையில் என்னோடு நிற்பவளைக் கஞ்சியக்கா என்போம், எப்போதும் விறைப்பாக இருப்பாள். சீட்டு பார்த்தீங்களா என்று கேட்டேன். "என் போனுக்குக் கண்ணு தெரியலடி" என்றாள். உலர்த்தும் எந்திரக்காரர் போனில் சார்ஜ் இல்லையாம், நாலு நாளாக. இவர்களுக்கு என்ன வந்தது?

மார்ச் 7, வெள்ளி

அவரிடம் சொல்லிவிட்டேன். சிரிக்கிறார் மனுஷன். "அடிப்பாவி, அஞ்சு வயசை எங்கடி ஒளிச்சு வச்சிருந்தே?" பிறகு, ஊசி குத்திக் குத்தித் தடித்த கையால் போனை வாங்கி, என் உண்மைத் தேதியை அவரே அடித்தார்.

திறந்துகொண்டது. சம்பளம் சரியாக இருந்தது. கீழே, வயது 61.

தெரிஞ்சுபோச்சு. எல்லாம் தெரிஞ்சுபோச்சு.

மார்ச் 10, திங்கள்

சம்பளப் பிரிவில் இருக்கும் பெண்ணிடம் போனேன். அவள் கதவைச் சாத்தினாள். "அக்கா, உங்ககூட அன்னிக்குச் சேந்த பதினாலு பேருக்கும் பழைய பதிவேட்டுல ஒரே பிறந்த தேதி."

சோம்பேறி மேஸ்திரி. கஞ்சியக்காவும் எந்திரக்காரரும் ஏன் மழுப்பினார்கள் என்று இப்போதுதான் புரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்து அழுகையில் முடிந்தது.

"மேல இருக்கறவங்க இன்னும் பாக்கல. பாத்து அவங்களா நீக்கினா சிகிச்சை போயிடும். நீங்களே உண்மையச் சொல்லி ஓய்வு கேட்டு எழுதிக் குடுத்தீங்கன்னா, ஓய்வு பெற்றவங்க குடும்பத்துக்கும் சிகிச்சை உண்டு. ஆனா ஏத்துக்குவாங்களான்னு என்னால சொல்ல முடியாது."

எழுதிக் கொடுத்தால் அதையே காட்டி என்னைத் துரத்தினால்?

மார்ச் 11

கொடுத்துவிட்டேன். கஞ்சியக்காவும் வந்தாள். அவளும் ஒன்று எழுதி, என் பேனாவையே வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

மார்ச் 20

பதில் இல்லை. மேற்பார்வையாளர் யாரைக் கூப்பிட்டாலும் இஸ்திரியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன்.

ஏப்ரல் 3, வியாழன்

டயாலிசிஸ் அறையில் முதல் தடவையாக நாலு மணி நேரமும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் அட்டையில் 'ஊழியர்' என்பதை அடித்துவிட்டு 'ஓய்வு' என்று எழுதியிருக்கிறார்கள். கால்மாட்டில் இருந்த போர்வையின் மடிப்பு கோணல். யாரோ புது ஆள். எடுத்து உதறி, ஓரம் சேர்த்து மடித்தேன்.

அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார். "உன்னைத்தான் வீட்டுக்கு அனுப்பிட்டாங்களேடி."