ஊசியும் ஒருசந்தியும்

ஆலந்தலையில் உன் தம்பி வீட்டில் கோபமாக இருக்கும் என் வீட்டுக்காரிக்கு,

பெரிய வெள்ளியன்று சிலுவைப் பாதையில் நான் தள்ளாடி விழுந்தபோது, ஊரே கேட்கும்படி நீ கத்தினாய்: "இன்னைக்குமா குடிச்சிட்டு வந்தீரு?" கணையத்தில் கல் என்று தெரிந்த நாளிலிருந்தே உனக்கு அந்தச் சந்தேகம். கணையம் கெட்டவனெல்லாம் குடிகாரன் என்பது உங்கள் குடும்பத்து வைத்தியம்.

போன வாரம் தூத்துக்குடியில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனாலும் வந்த அறிக்கையை அகராதி வைத்து நானே படித்தேன். இன்சுலின் குறைவு. சர்க்கரை இறங்கினால் அதை ஏற்றிவிடும் குளுக்ககானும் குறைவு. இரண்டும் கணையத்தில் சுரப்பவை.

அறிக்கையைப் பார்த்த நாசரேத் ஊர் டாக்டரம்மா சொன்னார்: "ஐயா, நீங்க விழுந்தது போதையில இல்ல. இன்சுலின் ஊசியும் போட்டுட்டு, ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தியும் இருந்தா, சர்க்கரை அடியில போயிரும். உங்க கணையத்தால அதைத் தூக்கிவிட முடியாது. இனிமே நோன்பு கூடாது."

முதல் பாதியை ஒப்புக்கொண்டேன். நோன்பைப் பற்றி ஆண்டவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

இதைத் தம்பிக்கும் அவன் பெண்டாட்டிக்கும் சத்தமாக வாசித்துக் காட்டு.

உன்னைக் கூப்பிட நான் வரமாட்டேன். நம் ஊர் வழியாகப் போகும் தூத்துக்குடி பஸ் அங்கே எங்கே நிற்கும் என்று உனக்குத் தெரியும்.

தலை சுற்றும்போதே சீனி கரைத்துக் கொடுக்கப் பக்கத்தில் ஆள் வேண்டுமாம், இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்தாம். "வீட்ல யாரு இருக்கா?" என்று டாக்டரம்மா கேட்டார். என் மனைவி இருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். நான் பொய் சொல்லிப் பழகாதவன், அதைப் பொய்யாக்கிவிடாதே.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்