கேட்காமல் வைத்த கோப்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? மாத்திரையை நிறுத்திவிடாதே. நான் நலம், கோபம்தான் இறங்கவில்லை.

கறுப்புத் திரையில் கட்டளை தட்டி ஓட்டும் எங்கள் மென்பொருள், தன் செட்டிங்ஸ் கோப்பை வாங்கியவரின் கம்ப்யூட்டரில், அவருடைய சொந்த ஃபோல்டரில் கேட்காமலே ஒளித்து வைக்கிறது. செட்டிங்ஸுக்கென்றே தனி ஃபோல்டர் இருக்கிறது, அங்கே வைப்போம் என்றேன்.

“கண்ணுக்கா தெரியுது? கெடந்துட்டுப் போகட்டும்” என்றார் டீம் லீடர்.

“அடுத்தவங்க எடத்துல வைக்க நீங்க யாரு?” என்று கேட்டுவிட்டேன். வேறு டீமுக்குத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். கவலைப்படாதே, வேலை போகவில்லை.

என் அறையில் அண்ணன் கடைப்பெட்டிகளை அடுக்கியிருக்கிறானாமே. “நீதான் இங்க இல்லையே” என்று நீயும் போனில் சொல்கிறாய். மாடிப்படிக்கு அடியில் அவ்வளவு இடம் கிடக்கிறது. கட்டில்மேல் இருப்பதையாவது இன்றே எடுக்கச் சொல்.

மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள். ஊருக்கு வர இப்போதைக்கு லீவு கிடைக்கவில்லைதான். ஆனாலும் எடுக்கச் சொல்.

உன் சின்ன மகள்